குளிக்கச் சென்றவர்கள்: நகரமும் நீரில் மூழ்கும் மரணங்களும்

தமிழ் நாளிதழ்களில் சில செய்திகளுக்கு அச்சு மாறுவதே இல்லை. 'குளிக்கச் சென்ற மாணவர்கள் நீரில் மூழ்கி பலி' என்பது அதில் ஒன்று. ஊர்ப்பெயர் மாறும், எண்ணிக்கை மாறும். 'ஆழமான பகுதிக்குச் சென்றதாகக் கூறப்படுகிறது' என்ற வரி இருக்கும். தீயணைப்புத் துறையினர் வந்து உடலை மீட்டது இருக்கும். கடைசியில் 'அப்பகுதியில் பெரும் சோகத்தை ஏற்படுத்தியுள்ளது'ன்னு முடியும். அடுத்த வாரம் இன்னொரு ஊர்.

டெங்கு இப்படி வந்தால் என்ன செய்வோம்? எந்தத் தெரு, எந்த மாதம், எந்த வயது என்று சுகாதாரத் துறை வரைபடம் போடும். தண்ணீரில் மூழ்குவதை மட்டும் நாம் விதி என்றோ, பையனின் துடுக்கு என்றோ எழுதி முடித்துவிடுகிறோம். இதை ஒரு நோயைப் போல, அதாவது பரவும் முறையும் தடுக்கும் வழியும் உள்ள ஒன்றாகப் பார்க்க முடியுமா என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் அளவு. உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கைப்படி 2021-இல் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். மணிக்கு 30 பேருக்கு மேல். இறந்தவர்களில் ஏறத்தாழக் கால்வாசி 5 வயதுக்குக் குறைந்த குழந்தைகள். பத்தில் ஒன்பது சாவு ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில். 2000-இலிருந்து பார்த்தால் உலக அளவில் விகிதம் 38 சதவீதம் குறைந்திருக்கிறது. ஆக, குறைக்க முடியாத சங்கதி இல்லை இது.

இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து மரண அறிக்கை 2022-க்கு 38 ஆயிரத்துக்கும் மேல் காட்டுகிறது. அதே ஆண்டு சாலை விபத்தில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரம். கிட்டத்தட்ட கால் பங்கு. சாலைக்கு ஒரு அமைச்சகம், ஒரு சட்டம், ஹெல்மெட், சீட் பெல்ட், கேமரா, ஒரு வாரம் முழுக்கப் பாதுகாப்பு வார விழா. கால் பங்கு சாவுக்குக் கால் பங்கு ஏற்பாடாவது இருக்கிறதா என்றால், இல்லை. மத்திய சுகாதார அமைச்சகம் நீரில் மூழ்குவதைத் தடுக்க ஒரு செயல்திட்ட வரைவை வெளியிட்டதே 2023 கடைசியில்தான்.

இந்த 38 ஆயிரம் என்ற எண்ணை எப்படி எடுக்கிறார்கள் என்று தோண்டிப் பார்த்தால்தான் சுவாரசியம். (சுவாரசியம் என்ற சொல் இங்கே பொருந்தாதுதான், ஆனால் என் தொழிலில் தரவு எப்படிப் பழுதாகிறது என்று பார்ப்பதுதான் பாதி வேலை.)

யாராவது நீரில் மூழ்கி இறந்தால் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 194-ஆம் பிரிவு. அந்த விசாரணையின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இதில் யாராவது குற்றம் செய்தார்களா? தற்கொலையா, கொலையா, விபத்தா? விபத்து என்று தெரிந்ததும் கேள்வி முடிந்தது, கோப்பும் மூடியது. தண்ணீர் எவ்வளவு ஆழம், வேலி இருந்ததா, இறந்தவருக்கு நீச்சல் தெரியுமா, அந்த இடத்தில் இதற்கு முன் யாராவது இறந்தார்களா என்பதெல்லாம் குற்றம் சம்பந்தப்பட்ட கேள்விகள் அல்ல. அதனால் அவற்றைக் கேட்க வேண்டிய கட்டாயம் அந்த அதிகாரிக்கு இல்லை. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை.

ஆண்டறிக்கையில் இந்தச் சாவுகள் மூன்று பெட்டிகளில் விழுகின்றன. படகு கவிழ்ந்தது, நீர்நிலையில் தவறி விழுந்தது, மற்றவை. அவ்வளவுதான். கிணறா, கண்மாயா, கல்குவாரியா, கடலா, வீட்டு வாளியா என்று அதில் பிரிக்க முடியாது. மருத்துவப் பக்கம் போனால் ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலில் குளியல் தொட்டிக்குத் தனி எண் இருக்கிறது, நீச்சல் குளத்துக்குத் தனி எண் இருக்கிறது. கிணற்றுக்கு இல்லை. பட்டியல் போட்டவர்களின் ஊரில் குழந்தைகள் எங்கே மூழ்கினார்களோ அதுதான் பட்டியலில் வந்திருக்கிறது. இதோடு, வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டவர்கள் இயற்கைப் பேரிடர்க் கணக்கிலும், படகில் போனவர்கள் போக்குவரத்துக் கணக்கிலும் சேர்ந்துவிடுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 3 லட்சத்தில் இந்த இரண்டும் கிடையாது. இந்தியாவில் 2020-இல் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தது நான்கில் ஒன்றுக்கும் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உண்மை எண் 38 ஆயிரத்துக்கு மேலே எங்கோ இருக்கும்.

இனி நகரம்.

நகரத்துக்காரர்கள் தண்ணீரில் சாவது குறைவு, அது கிராமத்துப் பிரச்சினை என்று ஒரு எண்ணம் உண்டு. குற்ற ஆவணக் காப்பகம் 53 பெருநகரங்களுக்குத் தனி அட்டவணை போடுகிறது. அதைப் பார்ப்பவர்களுக்கும் அந்த எண்ணமே வரும். ஆனால் அந்த அட்டவணை சம்பவம் நடந்த காவல் எல்லையைத்தான் எண்ணுகிறது, இறந்தவரின் வீடு இருக்கும் ஊரை அல்ல. 2022 அக்டோபர் 3-ஆம் தேதி தூத்துக்குடியிலிருந்து வேளாங்கண்ணிக்குக் கிளம்பிய ஒரு யாத்திரைக் குழு வழியில் பூண்டி மாதா கோயில் அருகே கொள்ளிடத்தில் குளிக்க இறங்கியது. 6 பேர் இறந்தார்கள். சாவு விழுந்த வீடுகள் தூத்துக்குடிப் பக்கம். கணக்கில் ஏறியது தஞ்சாவூர் மாவட்டம். சென்னைக் கல்லூரிப் பையன்கள் கோடை விடுமுறையில் எங்கெங்கோ அருவிகளிலும் அணைகளிலும் இறந்துபோகிறார்கள், அந்த ஊர்க் காவல் நிலையம் எண்ணிக்கொள்கிறது. நகரம் தன் பிள்ளைகளை இழக்கிறது, ஆனால் நகரத்தின் அட்டவணை சுத்தமாக இருக்கிறது.

நகர எல்லைக்குள்ளேயே நடக்கும்போதும் இதே எல்லைச் சிக்கல்தான். 2023 ஏப்ரல் 5, பங்குனி உத்திரம். நங்கநல்லூர் தர்மலிங்கேஸ்வரர் கோயில் தீர்த்தவாரி மூவரசம்பட்டுக் குளத்தில் நடந்தது. சாமியோடு நீரில் இறங்கிய இளைஞர்களில் 5 பேர் மூழ்கி இறந்தார்கள். கோயில் இருப்பது மாநகராட்சி எல்லையில். குளம் இருப்பது மூவரசம்பட்டு ஊராட்சியில். குளத்தைச் சுற்றி வீடுகள், பேருந்துச் சாலை, பக்கத்திலேயே ரயில் நிலையங்கள், விமான நிலையம். இவ்வளவு மக்கள் நடுவில், நூற்றுக்கணக்கான பேர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, பட்டப்பகலில் நடந்தது இது. ஆளில்லாத இடத்தில் மாட்டிக்கொண்டு சாகவில்லை யாரும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கரையில் அத்தனை பேர் இருந்தும் எப்படி?

சினிமாவில் மூழ்குபவர் கையை ஆட்டுவார், 'காப்பாத்துங்க'ன்னு கத்துவார். உண்மையில் மூழ்குவது பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும். அமெரிக்காவில் கடற்கரைக் காவலராக இருந்த பிராங்க் பியா என்பவர் மூழ்குபவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்து இதை எழுதினார். வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் அரை நொடியில் உடம்பு மூச்சை வெளியே விட்டு உள்ளே இழுக்கத்தான் பார்க்கும். கத்த மூச்சு மிச்சமிருக்காது. கைகள் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்தும். அதை மேலே தூக்கி ஆட்ட முடியாது, அது நம் இஷ்டத்தில் இல்லை. உடம்பு செங்குத்தாக நிற்கும், கால் உதைப்பு இருக்காது. பார்ப்பவருக்கு ஏதோ ஏணியில் ஏறுவதுபோல, விளையாடுவதுபோலத் தெரியும். இப்படி 20 நொடி முதல் ஒரு நிமிடம் வரை. பிறகு ஆள் உள்ளே. தீர்த்தவாரி மாதிரி எல்லோரும் முங்கி எழும் இடத்தில், எழாத ஒருவரை யார் கவனிப்பது?

கவனித்துவிட்டால் அடுத்த ஆபத்து. 2022 ஜூன் 5, கடலூர் மாவட்டம் குச்சிப்பாளையம் அருகே கெடிலம் ஆற்றுத் தடுப்பணைத் தண்ணீரில் சிறுமிகளும் இளம்பெண்களுமாக 7 பேர். 2023 பிப்ரவரி 15, விளையாட்டுப் போட்டிக்கு வந்த இடத்தில் கரூர் மாவட்டம் மாயனூர் காவிரியில் புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவியர் 4 பேர். ஒருத்தி சறுக்கினால் அடுத்தவள் கை கொடுக்கிறாள், அவளை இழுக்க மூன்றாமவள் போகிறாள். கூட்டமாகச் சாவது பெரும்பாலும் இந்தச் சங்கிலியால்தான். மூழ்குபவர் பிடித்த பிடியை விடமாட்டார். அதுவும் அவர் இஷ்டத்தில் இல்லை. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இந்தப் பிடியில் போயிருக்கிறார்கள்.

இதற்கு மாற்று என்னவென்று பெரம்பலூர் மாவட்டத்துப் பெண்கள் மூன்று பேர் காட்டியிருக்கிறார்கள். 2020 ஆகஸ்டில் கொட்டரை நீர்த்தேக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த அவர்கள், மூழ்கிக்கொண்டிருந்த நான்கு இளைஞர்களைப் பார்த்ததும் கட்டியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசினார்கள். இரண்டு பேர் பிழைத்தார்கள். மற்ற இருவரை எட்ட முடியவில்லை. அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் தமிழக அரசு அவர்களுக்கு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அவர்களின் துணிச்சலைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள், பாராட்ட வேண்டியதுதான். எனக்குப் பட்டது இன்னொன்று. அது தொழில்நுட்ப ரீதியாகவும் மிகச் சரியான முடிவு. ஒரு சேலை ஐந்தரை மீட்டர். இழுத்தால் கிழியாது. பிடித்தவன் பிடிப்பது சேலையை, காப்பாற்றுபவரின் கழுத்தை அல்ல. உலகம் முழுக்க மீட்புப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கும் முதல் விதி இதுதான்: எட்டிக் கொடு, வீசிக் கொடு, இறங்காதே.

வீச இன்னொரு பொருளும் எல்லா ஊரிலும் இருக்கிறது. இருபது லிட்டர் தண்ணீர் கேன். மூடி போட்ட காலி கேன் நீரில் முழுசாக அமுங்க கிட்டத்தட்ட 19 கிலோ பாரம் வேண்டும். மனித உடம்பின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான், தலையை மட்டும் வெளியே வைக்க 4, 5 கிலோ மிதப்பு விசை போதும். படகுப் பயணத்தில் கொடுக்கும் சாதாரண மிதவைச் சட்டையே 5 முதல் 10 கிலோ கணக்குதான். அதாவது ஒரு காலி கேன் மூன்று பேரைத் தாங்கும். கேனின் கழுத்தில் நைலான் கயிறு கட்டி ஒரு கம்பத்தில் தொங்கவிட்டால் அது ஒரு மீட்பு நிலையம். சில நூறு ரூபாய். திருடு போகும் என்பார்கள். போகட்டும், இன்னொன்று கட்டலாம்.

கரைக்குக் கொண்டுவந்த பிறகும் நாம் நிறையப் பேரை இழக்கிறோம் என்பது என் சந்தேகம். காரணம், கரையில் நடக்கும் வைத்தியம். குப்புறப் போட்டு முதுகில் ஏறி மிதிப்பது, வயிற்றை அமுக்குவது, சின்னப் பிள்ளை என்றால் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவது. உப்பில் புதைத்தால் உயிர் வரும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வேறு வருடா வருடம் சுற்றுகிறது. குடித்த தண்ணீரை வெளியே எடுத்தால் பிழைத்துவிடுவார் என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றுக்கும் அடி. ஆனால் ஆளைக் கொல்வது வயிற்றுத் தண்ணீர் அல்ல, ஆக்சிஜன் நின்றுபோனது. நுரையீரலில் போகும் நீரும் நாம் நினைப்பதைவிடக் குறைவு. வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கும், இன்னும் மோசம். மூச்சு இல்லையென்றால் உடனே மல்லாத்தி, தலையைச் சற்று பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து முதலில் 5 மூச்சு, பிறகு மார்பில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும் வரை. மாரடைப்பில் சாய்ந்தவருக்கு மூச்சு கொடுக்காமல் மார்பை மட்டும் அழுத்தினாலும் பரவாயில்லை என்று சொல்லித்தருகிறார்கள். மூழ்கியவருக்கு அது பொருந்தாது. அவர் ரத்தத்தில் ஆக்சிஜனே தீர்ந்துபோயிருக்கும், வெறும் ரத்தத்தைச் சுற்றவிட்டு என்ன பயன்? நான்கைந்து நிமிடத்தில் மூளை பழுதாக ஆரம்பித்துவிடும். அத்தனை சீக்கிரம் எந்த 108-உம் எந்தக் கண்மாய்க்கும் வர முடியாது. கரையில் நிற்பவர்தான் மருத்துவமனை.

சென்னையைச் சுற்றியுள்ள கல்குவாரிகளைச் சொல்லாமல் விடக்கூடாது. நகரத்தைக் கட்ட ஜல்லியும் கருங்கல்லும் எடுத்த பள்ளங்கள் குத்தகை முடிந்ததும் அப்படியே கிடக்கின்றன. மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் குவாரிகளில் தேங்கிய நீரை 2017 வறட்சியிலும் 2019 வறட்சியிலும் குடிநீர் வாரியம் சுத்திகரித்துச் சென்னைக்கே கொடுத்தது. அவ்வளவு தண்ணீர். குளத்துக்குக் கரை சரிவு உண்டு, காலை வைத்துப் பார்த்து இறங்கலாம். குவாரிக்குச் சுவர்தான் உண்டு. ஓரத்தில் ஓரடி, அடுத்த அடியில் பாதாளம். பிடித்து ஏறப் புல் கூட இருக்காது. வேலி போட வேண்டியது யார்? குத்தகை எடுத்தவரா, கனிமவளத் துறையா, உள்ளாட்சியா? தண்ணீர் தேவைப்பட்டபோது அரசுக்கு அந்தக் குவாரிகள் எங்கே இருக்கின்றன என்று துல்லியமாகத் தெரிந்திருந்தது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

சின்னக் குழந்தைகளின் கதை வேறு. இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆறும் வேண்டாம், குவாரியும் வேண்டாம். அரை வாளித் தண்ணீர் போதும். அந்த வயதில் தலை கனம். எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் திரும்ப நிமிர முடியாது. தண்ணீர் தட்டுப்பாடு உள்ள ஊர்களில் இது இன்னும் கூடும் என்றே நினைக்கிறேன். லாரித் தண்ணீரும் முறை வைத்து வரும் குழாய்த் தண்ணீரும் எதில் நிற்கும்? டிரம், அண்டா, சம்ப். எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் வீட்டில் இருக்கும் பாத்திரமெல்லாம் நிரம்பும். சம்ப் மூடியைத் திறந்துவைத்து மோட்டார் போடுவதும் அன்றைக்குத்தான். கழிவுநீர்த் தொட்டியும் இதே கணக்கில் வரும். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டியில் மழலையர் வகுப்புச் சிறுமி விழுந்து இறந்தாள். பேச்சு முழுக்க யாரைக் கைது செய்வது என்பதில் இருந்தது. அதுவும் வேண்டும்தான். ஆனால் தமிழ்நாட்டில் எத்தனை தொட்டிகள் துருப்பிடித்த தகர மூடியோடு இருக்கின்றன என்று யாராவது எண்ண ஆரம்பித்தார்களா?

இந்த வயதுக்கு என்ன செய்யலாம் என்று பங்களாதேஷ் காட்டியிருக்கிறது. ஊருக்கு ஊர் குட்டை உள்ள நாடு. 2000-களின் தொடக்கத்தில் நடந்த பெரிய வீடுவீடான கணக்கெடுப்பில், ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளின் சாவுக்கு முதல் காரணம் எந்தத் தொற்றுநோயும் அல்ல, தண்ணீர் என்று தெரிந்தது. காலரா, வயிற்றுப்போக்கு என்று தேடிப் போனவர்களுக்கு அதிர்ச்சி. எப்போது மூழ்குகிறார்கள் என்று பார்த்தால் காலை 9 மணியிலிருந்து மதியம் 1 மணிக்குள். அம்மா சமையலில், அப்பா வயலில், மூத்ததுகள் பள்ளியில். அதனால் அந்த நான்கு மணி நேரத்துக்கு மட்டும் ஊரிலேயே ஒரு பெண்ணை வைத்து, ஒரு வீட்டுக் கூடத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் 'ஆஞ்சல்' மையங்களை ஆரம்பித்தார்கள். ஆஞ்சல் என்றால் முந்தானை. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு ஊர்க் குட்டையிலேயே மூங்கில் தட்டி கட்டி நீச்சல். 2012-இல் வெளியான ஆய்வு முடிவுப்படி, மையத்துக்கு வந்த குழந்தைகளில் மூழ்கிச் சாவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது, நீச்சல் கற்றவர்களில் 90 சதவீதத்துக்கு மேல். 2022-இல் அந்த நாட்டு அரசு 8 ஆயிரம் மையங்களுக்குத் திட்டம் ஒப்புக்கொண்டது. நம்மிடம் அங்கன்வாடி ஏற்கனவே இருக்கிறது. நேரமும் ஏறக்குறைய பொருந்துகிறது. ஆனால் இரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அங்கே இல்லை, அவர்கள்தான் வாளியில் விழுபவர்கள்.

நீச்சலுக்கு வருகிறேன். அபிராமம், கமுதி பக்கத்தில் முந்தின தலைமுறைக்கு நீச்சல் யாரும் 'கற்றுத்தரவில்லை'. சித்தப்பாவோ மாமாவோ இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிடுவார். பின்னாளில் எண்ணெய் கேன். இரண்டு கோடையில் வந்துவிடும். பெண் பிள்ளைகளுக்கு அதுவும் பாதிப் பேருக்குத்தான். இப்போது கிணறுகள் தூர்ந்துவிட்டன, ஆழ்துளைக் குழாயில் யார் நீந்துவது? ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் சொச்சம் மழை, அதுவும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில். கண்மாய் எல்லா வருஷமும் பெருகாது. நாலைந்து வருஷம் வறண்டு கிடந்து ஒரு வருஷம் முழுசாகப் பெருகினால், அந்த இடைவெளியில் வளர்ந்த பிள்ளைகள் முதன்முதலாக ஆழத் தண்ணீரைப் பார்ப்பதே அன்றைக்குத்தான். ஊரே கண்மாய் பார்க்கப் போகும். சந்தோஷமான நாள் அது. வறண்ட மாவட்டத்தில் தண்ணீர்ச் சாவு ஏன் என்பதற்கு வறட்சியே ஒரு பதில்.

சென்னையில் இருப்பவர்களுக்கும் இதே நிலைமைதான், கண்மாய்க்குப் பதில் கடல். மெரினாவில் குளிக்கத் தடை, காணும் பொங்கலுக்குச் சவுக்குக் கட்டை வேலி. அந்த ஒரு நாள் ஏற்பாடு வேலை செய்கிறது. மற்ற நாட்களில் வெளியூரிலிருந்து வந்தவர்கள் அலையில் கால் நனைக்கிறார்கள், பின்னிழுக்கும் அலை காலடி மணலையும் சேர்த்து எடுக்கிறது. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டுத் தனுஷ்கோடி போகிறவர்களுக்கு இன்னொரு ஏமாற்று. அக்னி தீர்த்தத்தில் கடல் குளம் மாதிரி நிற்கும். உள்ளூர்க்காரர்கள் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். அரிச்சல்முனையில் இரண்டும் சேர்கிற இடத்தில் நீரோட்டம் வேறு. காலையில் பார்த்த கடலை வைத்து மதியம் பார்க்கும் கடலை எடைபோட்டால் தப்பு.

வலிப்பு நோய் உள்ளவர்கள் நீரில் மூழ்கும் அபாயம் மற்றவர்களைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் இந்த அபாயம் நன்றாகக் குறையும். நம் ஊரில் பழைய ஆட்கள் 'வலிப்புக்காரனைத் தண்ணிக்கு விடாதே' என்று சொல்வது வெறும் பயம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வலிப்பு மாத்திரை தட்டில்லாமல் கிடைப்பதும் மூழ்குவதைத் தடுக்கும் திட்டம்தான். குடிபோதையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே விடுகிறேன்.

யார் பொறுப்பு என்ற கேள்விக்கு எங்கள் பக்கத்துக் கண்மாயையே எடுத்துக்கொள்ளலாம். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். ஊருணி பேரூராட்சிக்கோ ஊராட்சிக்கோ. தெப்பக்குளம் அறநிலையத் துறைக்கு. குவாரி கனிமவளத் துறைக்கு. விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவது பள்ளிக் கல்வித் துறை. இறந்த பிறகு காவல் துறை, வருவாய்த் துறை. நிவாரணம் முதலமைச்சர் நிதியிலிருந்து. சுகாதாரத் துறை வருவது பிரேதப் பரிசோதனைக்கு மட்டும். சாலையைப் பாருங்கள். அங்கேயும் இத்தனை துறை உண்டு. ஆனால் விபத்து நடந்த இடத்தை வரைபடத்தில் குறிக்கும் கணினி முறை தமிழ்நாட்டில் பதினைந்து வருடத்துக்கு மேலாக இருக்கிறது. ஒரே வளைவில் திரும்பத் திரும்ப ஆட்கள் செத்தால் அது 'கரும்புள்ளி' ஆகும், பொறியாளர் வந்து பார்த்தே ஆக வேண்டும். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவு அரசுடையது. நீருக்குக் கரும்புள்ளி கிடையாது. ஒரே தடுப்பணையில் மூன்றாவது முறை ஆள் போனாலும், காவல் நிலையத்தில் மூன்று தனித்தனிக் கோப்பு.

ஒரு மென்பொருள்காரனாக நான் கேட்பது ஐந்தே ஐந்து தகவல். நீர்நிலையின் வகை, அதன் உரிமையாளர், அட்சரேகை தீர்க்கரேகை, இறந்தவர் வீட்டிலிருந்து தூரம், நீச்சல் தெரியுமா. விசாரணைப் படிவத்தில் இதற்கு அரைப் பக்கம் போதும். எழுதும் காவலருக்கு இரண்டு நிமிடம் கூடுதல் வேலை, போனில் இடத்தைக் குறிப்பது உட்பட. மூன்று வருடத்தில் மாநிலம் முழுக்க எந்த நாற்பது ஐம்பது இடங்கள் திரும்பத் திரும்ப ஆளை எடுக்கின்றன என்று தெரிந்துவிடும்.

இதில் ஒரு இடத்தை இப்போதே சொல்ல முடியும். கண்மாய்க்குள் தோண்டிய குழி. பழைய கண்மாயின் ஆழம் ஊருக்குத் தெரியும். மடையை ஒட்டி ஆழம், உள்வாய்ப் பக்கம் போகப் போக முழங்கால் அளவு. மடை திறந்திருக்கும்போது கிட்டே போகக்கூடாது, இழுத்துவிடும். கலுங்கு வழுக்கும். இதெல்லாம் ஒரு ஊரின் மனப்பாடம். குடிநீர் ஊருணியில் காலை நனைக்கவே விடமாட்டார்கள். தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று வைத்த கட்டுப்பாடு, பிள்ளைகளையும் தண்ணீரிலிருந்து தள்ளி வைத்தது. வண்டல் எடுக்கவும் சவுடு மண் எடுக்கவும் அனுமதி வாங்கி ஜேசிபி இறங்கியதும் அந்த மனப்பாடம் செல்லாததாகிவிட்டது. பரவலாக, சரிவாக, குறிப்பிட்ட ஆழத்துக்கு மட்டும் எடுக்க வேண்டும் என்பதுதான் விதி. நடப்பது, லாரி நிற்க வசதியான இடத்தில் செங்குத்தாக ஒரே குழி. கோடையில் பார்த்தால் எல்லோருக்கும் தெரியும். மழை பெய்து கண்மாய் பெருகினால் மேலே ஒரே மட்டமாகத் தண்ணீர், கலங்கல், அடியில் இருப்பது யாருக்கும் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும் பிள்ளை ஒரு எட்டில் பதினைந்து அடிக்குள் போகும்.

மண் அனுமதிக் கோப்பில் சர்வே எண் இருக்கிறது, எத்தனை கன மீட்டர் என்று இருக்கிறது, யார் எடுத்தார் என்று இருக்கிறது. மழைக்கு முன் புரட்டாசியில் ஒரு நாள் கிராம நிர்வாக அலுவலர் அந்தக் கோப்போடு போய் குழியின் நாலு மூலையிலும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தெரிகிற மாதிரி நாலு சவுக்குக் கம்பு நட்டு, தலையில் சிவப்புத் துணி கட்டலாம். குழியைச் சரிவாக்கித் தராதவருக்கு அடுத்த வருஷம் அனுமதி இல்லை என்று எழுதலாம். இரண்டுக்கும் புதுச் சட்டம் தேவையில்லை.